பொம்மைக்கு வலிக்குமா?

இளம் அறிவியல் (இயற்பியல்), இரண்டாம் ஆண்டு

எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்று நம் முன்னோர் சொல்லி வைத்தார்கள். எறும்பின் எடை எவ்வளவு, கல்லின் கடினம் எவ்வளவு என்று கணக்குப் பார்ப்பவருக்கு இது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் உராய்வைப் பற்றிப் படித்த பிறகு, இப்பழமொழியைச் சொன்னவர் நல்லதொரு விஞ்ஞானியாகத்தான் இருந்திருக்க வேண்டும் என்று எனக்குப் படுகிறது. தேய்மானத்துக்கு வேண்டியது பெரும் பளு அல்ல. ஓயாத உரசலே போதும்.

இக்கட்டுரை கல்லைப் பற்றியதன்று. ஒரு பொம்மையைப் பற்றியது. பொம்மை என்றவுடன் திருவிழாக் கடைப் பொம்மையையோ கொலுப் பொம்மையையோ நினைத்துவிட வேண்டாம். இது ஆள் உயரப் பொம்மை. உள்ளே எஃகுக் கம்பிகளும் போல்ட்டுகளும் சேர்ந்த எலும்புக்கூடு; மேலே மனிதத் தோலைப் போன்ற மென்மையான பி.வி.சி. பிளாஸ்டிக். செவிலியர் பயிற்சிப் பள்ளிகளில் மாணவிகள் நோயாளியைக் குளிப்பாட்டவும், புரட்டிப் படுக்க வைக்கவும், கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றவும் இப்பொம்மையை வைத்துத்தான் பழகுகிறார்கள்.

என் அக்கா அப்படிப்பட்ட ஒரு பள்ளியில் செவிலியர் பட்டயப் படிப்புப் படிக்கிறாள். சென்ற ஆண்டு ஒரு நாள் பயிற்சியின்போது அவளும் ஐந்து தோழிகளும் பொம்மையை நாற்காலிக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள். அக்கா முன்கையைப் பிடித்துத் தூக்கியிருக்கிறாள். முழங்கையின் பின்புறம் 'சர்' என்று கிழிந்து உள்ளிருந்த இரும்பு வெளியே தெரிந்துவிட்டது. ஆறு பேரும் ஆளுக்கு 500 ரூபாய் கட்ட வேண்டும் என்று உத்தரவாயிற்று. எங்கள் அப்பா சைக்கிள் கடை வைத்திருப்பவர். பத்துப் பஞ்சர் ஒட்டினால்தான் அந்தப் பணம் அவர் கையில் சேரும்.

அன்றிரவு அக்கா பாதி அழுகையும் பாதிச் சிரிப்புமாக ஒரு கேள்வி கேட்டாள். "உசுருள்ள ஆளா இருந்தா, கையைப் பிடிச்சு இழுத்ததும் 'ஐயோ அம்மா'ன்னு கத்தியிருப்பாங்க. நானும் விட்டிருப்பேன். இது கத்தவே இல்லையேடா தம்பி, வலிக்குதுன்னு நான் எப்படித் தெரிஞ்சுக்குவேன்?"

அந்தக் கேள்விக்கு விடை தேடியதன் பயனே இக்கட்டுரை.

பொம்மையின் வரலாறு

செவிலியர் பயிற்சிக்காக ஆள் உயரப் பொம்மை செய்யும் வழக்கம் நூறாண்டுக்கு மேற்பட்டது. அமெரிக்காவில் துணிப்பொம்மைகள் செய்து புகழ்பெற்ற மார்த்தா சேஸ் என்ற அம்மையார், ஹார்ட்ஃபர்ட் நகர மருத்துவமனையின் பயிற்சிப் பள்ளிக்காக 1911இல் ஒரு பொம்மையைச் செய்து கொடுத்தார். மாணவிகள் அதைத் 'திருமதி சேஸ்' என்றே அழைத்தார்கள். 1960இல் நார்வே நாட்டுப் பொம்மைத் தயாரிப்பாளர் ஆஸ்மண்ட் லேர்டால், மூச்சு நின்றவருக்கு வாயோடு வாய் வைத்து மூச்சளிக்கப் பழகும் பொம்மை ஒன்றை உருவாக்கினார். 'ஆன்' என்ற பெயர் கொண்ட அந்தப் பொம்மை உலகம் முழுவதும் பரவியது.

மற்றொரு கிளை வாகனச் சோதனைப் பொம்மைகள். 1949இல் அமெரிக்க விமானப் படை, விமானியை இருக்கையோடு வெளியே வீசும் கருவியைச் சோதிக்க 'சியரா சாம்' என்ற பொம்மையைப் பயன்படுத்தியது. 1976இல் 'ஹைபிரிட் 3' என்ற பொம்மை வந்தது. அதற்கு எஃகு விலாக்கள், ரப்பரும் அலுமினியமும் அடுக்கிய கழுத்து, வினைல் தோல். கார்களைச் சுவரில் மோதவிட்டுச் சோதிக்கும்போது நமக்குப் பதிலாக உள்ளே உட்கார்ந்து அடிபடுவது இந்த இனம்தான்.

இவை யாவற்றுக்கும் பொதுவான தொல்லை இரண்டு. உள்ளே மூட்டு தேய்கிறது. வெளியே தோல் கிழிகிறது. இரண்டும் வெவ்வேறு நோய்கள் போலத் தோன்றினாலும் ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகிறது என்பதைப் பின்னால் காண்போம்.

மூட்டு ஏன் தேய்கிறது?

நம் முழங்காலையும் தோளையும் எண்ணிப் பாருங்கள். எலும்பின் முனையில் வழுவழுப்பான குருத்தெலும்பு; இடையே முட்டையின் வெண்கரு போன்ற ஒரு திரவம். இவ்விரண்டும் சேர்ந்து உராய்வுக் குணகத்தை 0.01 என்ற அளவை ஒட்டிக் கொண்டுவந்து விடுகின்றன. உலர்ந்த எஃகின் மேல் எஃகு உரசினால் அது 0.5க்கு மேல். அதாவது நம் உடலின் மூட்டைவிடப் பொம்மையின் மூட்டு ஐம்பது மடங்கு கரடுமுரடு. போதாக்குறைக்கு, நம் உடல் தன்னைத்தானே ஓரளவு பழுது பார்த்துக்கொள்கிறது. பொம்மைக்கு அந்த வரம் இல்லை.

தேய்மானத்துக்கு ஒரு விதி உண்டு. ஆர்ச்சார்ட் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி 1953இல் வெளியிட்டது. தேய்ந்து போகும் பொருளின் கனஅளவு, அழுத்தும் விசையையும் உரசிய தூரத்தையும் பெருக்கி, மென்மையான பரப்பின் கடினத்தால் வகுத்ததற்கு நேர்விகிதத்தில் இருக்கும். இந்த ஒரு வாக்கியத்தில் பராமரிப்பு முழுவதும் அடங்கியிருக்கிறது. அழுத்தத்தைக் குறை, வீண் அசைவைக் குறை, உரசும் பொருளைத் தேர்ந்தெடு. நம் எறும்புக்கு எடை குறைவு. ஆனால் அது ஊர்ந்த தூரம் மிகப் பெரிது. ஆகவே கல் தேய்கிறது.

அப்படியானால் போல்ட்டைத் தளர்த்தி அழுத்தத்தைக் குறைத்துவிடலாமே என்று கேட்கலாம். தளர்த்தினால் கை நிற்காது. இங்கேதான் பொம்மையின் மூட்டு மற்ற இயந்திர மூட்டுகளிலிருந்து வேறுபடுகிறது. சைக்கிள் சக்கரம் தடையின்றிச் சுழல வேண்டும். பொம்மையின் கையோ வைத்த இடத்தில் நிற்க வேண்டும். நிறுத்துவது உராய்வு, தேய்ப்பதும் அதே உராய்வு. ஆகவே உராய்வை முற்றிலும் ஒழிக்கவும் முடியாது, வளரவிடவும் கூடாது.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பொம்மையின் கை 2 கிலோ எடை என்று கொள்வோம். அதன் எடை மையம் தோள் மூட்டிலிருந்து 25 சென்டிமீட்டர் தள்ளி இருக்கட்டும். மூட்டில் உள்ள இரும்பு வாஷரின் சராசரி ஆரம் 1 சென்டிமீட்டர். கையை நீட்டிய நிலையில் தாங்க, வாஷர் பரப்பில் 2 × 25 ÷ 1 = 50 கிலோ எடைக்குச் சமமான உராய்வு விசை வேண்டும். மூட்டின் இரு பக்கமும் வாஷர் இருந்தால் பக்கத்துக்கு 25 கிலோ. உராய்வுக் குணகம் 0.5 என்றால், போல்ட்டு 50 கிலோ எடையின் அளவுக்கு இறுக்கிப் பிடித்தாக வேண்டும்! இரண்டு கிலோ கையைத் தாங்க ஐம்பது கிலோ அழுத்தம். கைப்பிடியளவு இடத்தில் இத்தனை நெருக்குதல் இருக்கும்போது இரும்பு இரும்பைத் தின்னாமல் என்ன செய்யும்?

வாஷரின் ஆரத்தை இரு மடங்காக்கினால் வேண்டிய அழுத்தம் பாதியாகக் குறைகிறது என்பதையும் இதே கணக்கிலிருந்து அறியலாம். இதைப் பின்னால் நாங்கள் பயன்படுத்திக்கொண்டோம்.

எவ்வளவு இறுக்குவது?

எங்கள் அப்பா ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்காதவர். ஆனால் சைக்கிள் கோனை இறுக்கும்போது அவர் செய்வதைப் பார்த்தால் ஆய்வுக்கூடத்தில் நாம் செய்யும் சோதனை நினைவுக்கு வரும். கோனை இறுக்கிவிட்டுச் சக்கரத்தை மெல்லத் தட்டுவார். வால்வு இருக்கும் பக்கம் தானாகக் கீழே வந்து நின்றால் சரி. வராவிட்டால் இறுக்கம் அதிகம். பக்கவாட்டில் ஆட்டிப் பார்ப்பார். ஆட்டம் இருந்தால் இறுக்கம் குறைவு. "டைட்டா இருந்தா கப்பு போயிடும், லூசா இருந்தா பால்ஸ் போயிடும்" என்பது அவருடைய விதி.

வாகனச் சோதனைப் பொம்மைகளுக்கும் ஏறக்குறைய இதே முறையைத்தான் வகுத்திருக்கிறார்கள் என்று படித்தபோது எனக்கு ஒரே வியப்பு. ஹைபிரிட் 3 பொம்மையின் கையையோ காலையோ கிடைமட்டமாக நீட்டி வைப்பார்கள். தன் எடையைத் தானே தாங்கி அப்படியே நிற்கும் அளவுக்கு மட்டும் மூட்டை இறுக்குவார்கள். மெல்லத் தட்டினால் அது கீழே இறங்கிவிட வேண்டும். இதை 'ஒரு ஜி' நிலை என்கிறார்கள். அதாவது புவி ஈர்ப்பு விசைக்குச் சரிக்குச் சரியாக மட்டும் தாங்கும் நிலை. இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. ஒரு ஸ்பேனரும் பொறுமையும் போதும்.

இறுக்கம் மிகுந்தால் என்ன ஆகும்? கையை மடக்குபவர் பலத்தைக் கூட்டுவார். மூட்டு வளைய மறுக்கும்போது அந்தப் பலம் எங்கே போகும்? தோலுக்குப் போகும். இறுகிய மூட்டே கிழிந்த தோலுக்கு முதல் காரணம். உள் நோய் வெளியே தெரிகிறது என்று மருத்துவர்கள் சொல்வதுபோல் இதுவும் ஒன்று.

உராய்வு குறைந்தால் தேய்மானம் குறையுமா?

இங்கே ஒரு தவறான எண்ணத்தை நீக்க வேண்டும். வழுக்கும் பொருள் தேயாது என்று நாம் நினைக்கிறோம். இங்கிலாந்து அறுவை மருத்துவர் ஜான் சார்ன்லியும் முதலில் அவ்வாறே நினைத்தார். இடுப்பு மூட்டு பழுதானவர்களுக்குச் செயற்கை மூட்டு பொருத்த முனைந்த அவர், எஃகுப் பந்துக்கு எதிரே டெஃப்லானால் ஆன கிண்ணத்தை வைத்தார். டெஃப்லானைவிட வழுக்கும் திடப்பொருள் அரிது. நோயாளிகள் வலியின்றி நடந்தார்கள். ஆனால் சில ஆண்டுகளிலேயே அந்தக் கிண்ணங்கள் தேய்ந்து, உதிர்ந்த துகள்கள் சுற்றியிருந்த தசையைப் புண்ணாக்கின. அவர் மனம் தளராமல் 1962இல் மிக உயர் மூலக்கூறு எடைப் பாலிஎத்திலீனுக்கு மாறினார். இதன் உராய்வு டெஃப்லானைவிட அதிகம். தேய்மானமோ மிக மிகக் குறைவு. இன்று உலகெங்கும் நடக்கும் இடுப்பு மூட்டு மாற்று அறுவை அந்தத் திருத்தத்தின் மேல் எழுந்ததே. உராய்வு வேறு, தேய்மானம் வேறு என்ற பாடத்தை அவருடைய தோல்வி நமக்குக் கற்பித்தது.

எஃகுக்கு எஃகு என்றில்லாமல், இடையே நைலான் போன்ற ஒரு பொருளை வாஷராக வைத்தால் தேய்வது வாஷரே. தேய்ந்தால் பத்து ரூபாய்ச் செலவில் மாற்றிவிடலாம். விலை குறைந்த பொருள் தேய்ந்து, விலை உயர்ந்த பொருளைக் காக்க வேண்டும். இதுவே பொறியியலின் தர்மம்.

தோலின் கணக்கு

இனித் தோலுக்கு வருவோம். உங்கள் கையை நீட்டி முழங்கையின் பின்புறத் தோலைக் கிள்ளிப் பாருங்கள். தாராளமாக மடிந்து வரும். வலியும் அவ்வளவாக இராது. இப்போது கையை மடக்கிவிட்டுக் கிள்ளுங்கள். தோல் இறுகி, விரலுக்கு அகப்படாது. மடக்கும்போது வேண்டியிருக்கும் என்று இயற்கை அங்கே முன்கூட்டியே கொஞ்சம் தோலை மிச்சம் வைத்திருக்கிறது. தையற்காரர் சட்டையின் கக்கத்தில் துணியைத் தாராளமாக விடுவதும் இதற்காகவே.

எவ்வளவு மிச்சம் வேண்டும்? முழங்கையின் அச்சிலிருந்து பின்புறத் தோல் 4 சென்டிமீட்டர் தூரத்தில் இருப்பதாகக் கொள்வோம். கையை 90 பாகை மடக்கினால் வட்டத்தின் கால் பங்கு சுற்றுகிறோம். ஆரத்தைக் கோணத்தால் பெருக்க, 4 × 1.57 = 6.28 சென்டிமீட்டர். இத்தனை நீளம் தோலுக்குக் கூடுதலாக வேண்டும். இந்த நீட்சி 12 சென்டிமீட்டர் நீளத் தோலில் பரவினால் திரிபு ஏறக்குறைய 52 விழுக்காடு. மென்மையான பி.வி.சி. அதைத் தாங்கும். ஆனால் தோல் உள்ளே பஞ்சோடு ஒட்டிக்கொண்டு 6 சென்டிமீட்டர் மட்டுமே நீள முடியுமானால் திரிபு நூறு விழுக்காட்டைத் தாண்டிவிடும். அதே மடக்கு, அதே தோல், இரு மடங்கு வேதனை!

ஆகவே முதல் விதி: மடக்கும் பொம்மையை முழுவதும் மடக்கி வைக்காதே. பயிற்சி முடிந்ததும் கை கால்களை நீட்டி, மல்லாந்து படுத்த நிலையில் வைக்க வேண்டும். மடக்கிய நிலையிலேயே மாதக்கணக்கில் கிடந்தால் வெளிப்புறத் தோல் நீண்டபடியும் உட்புறத் தோல் மடிந்தபடியும் நிலைத்துவிடும். பிறகு நீட்டினாலும் அந்த மடிப்பு போகாது. மடிப்பு விழுந்த இடத்தில்தான் அடுத்த கிழிசல் தொடங்கும்.

சிறு வெட்டு, பெருங் கிழிசல்

ஷாம்புப் பாக்கெட்டைக் கையால் கிழிக்க முயன்றிருப்பீர்கள். ஓரத்தில் சிறு வெட்டு இல்லாவிட்டால் பல்லால் கடித்தாலும் கிழியாது. அந்த வெட்டு இருந்தாலோ குழந்தையும் கிழித்துவிடும். காரணம் என்ன? இழுக்கும்போது எழும் தகைவு தாள் முழுவதும் சமமாகப் பரவாமல் வெட்டின் கூர்முனையில் வந்து குவிகிறது. கூர்மை எவ்வளவு அதிகமோ குவிப்பும் அவ்வளவு அதிகம். இங்கிலிஸ் என்பவர் 1913இல் இதைக் கணக்கிட்டுக் காட்டினார். கிரிஃபித் என்பவர் 1921இல் கண்ணாடியில் விரிசல் ஏன் ஓடுகிறது என்பதை விளக்கினார்.

அக்கா இழுத்த கை அன்றைக்குத்தான் கிழிந்தது என்று எல்லோரும் எண்ணினார்கள். உண்மையில் கிழிசல் அதற்கு எத்தனையோ மாதங்களுக்கு முன்பே பிறந்திருந்தது. யாரோ கட்டுப் போட்டுப் பழகியபோது சேஃப்டி பின் குத்திய சிறு துளை ஒன்று கிழிசலின் ஓரத்திலேயே தெரிந்தது. அக்கா செய்தது கடைசி இழுப்பு, அவ்வளவே. தண்டனை கடைசி ஆளுக்குக் கிடைத்தது.

விரிசலை நிறுத்தும் வழியும் இதே விதியில் இருக்கிறது. கூர்முனையை வட்டமாக்கிவிட்டால் தகைவு குவியாது. விரிசல் விட்ட இரும்புத் தகட்டில், விரிசலின் நுனியில் ஒரு துளை போட்டு நிறுத்துவது தொழிற்சாலைகளில் வழக்கம். தோலுக்கும் அதையே செய்யலாம்.

தோலுக்கு ஆகாதவை

பி.வி.சி. இயல்பில் கெட்டியானது. வீட்டுத் தண்ணீர்க் குழாயும் அதுதான். அதை மென்மையாக்க நெகிழ்வூட்டி என்ற எண்ணெய் போன்ற பொருளைக் கலக்கிறார்கள். இந்த நெகிழ்வூட்டி ஓரிடத்தில் சும்மா இருப்பதில்லை. பக்கத்தில் உள்ள பொருளுக்கு மெல்ல மெல்ல நகர்ந்து போகும். பள்ளியில் ஜியோமெட்ரி பாக்ஸில் ரப்பரும் பிளாஸ்டிக் ஸ்கேலும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பள்ளம் விழுந்ததை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். ரப்பரில் உள்ள நெகிழ்வூட்டி செய்த வேலை அது. பொம்மையைத் தெர்மகோல் மேல் படுக்க வைத்தாலும் அதுவே நடக்கும். நெகிழ்வூட்டியை இழந்த தோல் விறைத்து, வெடிக்கத் தொடங்கும்.

வெளியே போவதுபோல் உள்ளேயும் வரும். பால்பாயிண்ட் பேனா மையும் செய்தித்தாள் மையும் பி.வி.சி.க்குள் ஊறி, எந்தச் சோப்புக்கும் அசையாத கறையாகிவிடும். பொம்மையைப் பழைய செய்தித்தாள் மேல் கிடத்துவது நம்மிடம் உள்ள தவறான பழக்கம். வெள்ளைத் துணி விரிப்பதே நல்லது. புண்ணுக்குத் தடவும் அயோடின் மருந்தும் கறைப்படுத்தும். அசிட்டோன் தோலையே கெடுத்துவிடும். நகப்பூச்சு அழிக்கும் திரவத்தில் அசிட்டோன் இருப்பதுண்டு என்பதை மாணவியர் நினைவில் வைக்க வேண்டும். இளஞ்சூட்டு நீரும் மென்மையான சோப்பும் போதும். துடைத்து நிழலில் நன்கு உலர்த்திய பின் முகத்துக்குப் பூசும் பவுடரை மெல்லத் தூவலாம். அது மடிப்புகளில் தோலும் தோலும் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும்.

ஈரத்தோடு விட்டால் நீர் மடிப்பு வழியே உள்ளே இறங்கி மூட்டைத் துருப்பிடிக்கச் செய்யும். துரு என்பது இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும் பொருள். ஆகவே மூட்டு பிதுங்கி இறுகும். இறுகிய மூட்டு தோலைக் கிழிக்கும் என்று முன்பே கண்டோம். கிழிந்த தோல் மேலும் நீரை உள்ளே விடும். இப்படி ஒன்றையொன்று வளர்க்கும் சுழற்சியாக இது முடிகிறது.

வெயிலும் பகையே. சோதனைப் பொம்மைகளை 21 பாகை செல்சியஸை ஒட்டிய வெப்பத்தில் வைத்திருந்துதான் சோதிக்கிறார்கள். அவ்வளவு வசதி நமக்கு இல்லை. ஆனால் மே மாதத்தில் தகரக் கூரை அறையில் போட்டுப் பூட்டாமல் இருக்க நம்மால் முடியும்.

கையைப் பழுது பார்த்த கதை

பணத்தைக் கட்டிய பிறகும் அக்காவுக்கு மனம் ஆறவில்லை. ஆசிரியையிடம் அனுமதி பெற்று, கழற்றிய கையைத் துண்டில் சுற்றிப் பஸ்ஸில் கொண்டுவந்தாள். துண்டுக்கு வெளியே ஐந்து விரல்கள் நீட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்த கண்டக்டர் ஒரு கணம் திடுக்கிட்டுப் பின் சிரித்துவிட்டாராம். "மகளிருக்கு டிக்கெட் இல்லைம்மா. இந்தக் கை ஆம்பளைக் கையா, பொம்பளைக் கையா?" என்று கேட்டாராம்.

அப்பா முழங்கை மூட்டைத் திறந்தார். நான் எண்ணியபடியே துரு. வாஷர் ஒன்று தேய்ந்து தாளாகியிருந்தது. மற்றொன்றைக் காணவே இல்லை. யாரோ அதற்குப் பதிலாகப் போல்ட்டை முழு பலத்தோடு இறுக்கியிருந்தார்கள். அப்பா துருவை உப்புத்தாளால் தேய்த்து எடுத்துவிட்டு, வழக்கப்படி கிரீஸைத் தடவி மாட்டினார். கை தொப்பென்று விழுந்தது. மறுபடி இறுக்கினார், மறுபடி விழுந்தது. சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தவர், "இது சுத்துற சாமான் இல்லடா, நிக்கிற சாமான். கிரீஸ் ஆகாது" என்றார். நான் ஒரு வாரம் நூலகத்தில் உட்கார்ந்து கண்டுபிடித்ததை அவர் ஐந்து நிமிடத்தில் கண்டுகொண்டார். தவிர, கிரீஸ் தோலில் பட்டால் தோலுக்கும் கேடு.

அப்போது நான் என் கணக்கைக் காட்டினேன். நைலானுக்கு உராய்வு, இரும்பில் பாதி. ஆகவே ஆரம் இரு மடங்கான வாஷர் வைத்தால் அதே இறுக்கத்தில் கை நிற்கும். ஆனால் அழுத்தம் அகன்ற பரப்பில் பரவுவதால் பரப்பு கீறாது. அப்பா தாளைப் பார்த்துப் புரிந்ததாகத் தலையாட்டவில்லை. பக்கத்து லேத் பட்டறைக்குப் போய் நைலான் கட்டையில் நான்கு வாஷர் கடைந்து வாங்கி வந்தார். இரண்டு மாட்டுவதற்கு, இரண்டு கைவசம் இருக்க. உள்ளே நைலான் வளையம் வைத்த, தானாகத் தளராத நட்டைப் போட்டார். கையைக் கிடைமட்டமாக நீட்டினோம். நின்றது. மெல்லத் தட்டினோம். இறங்கியது. ஹைபிரிட் 3 பொம்மைக்குச் செய்யும் 'ஒரு ஜி' சோதனை எங்கள் சைக்கிள் கடை வாசலில் நடந்தது.

தோலுக்கு முதலில் டியூப் பஞ்சர் சொல்யூஷனைத்தான் போட்டோம். மறுநாளே உரிந்து வந்துவிட்டது. அது ரப்பருக்கு உரிய மருந்து. பிறகு பி.வி.சி.க்கென்றே விற்கும், காய்ந்த பின்னும் வளையும் பசையை வாங்கினோம். கிழிசலின் இரு நுனியிலும் செருப்புத் தைப்பவரிடம் இரவல் வாங்கிய துளைக் கருவியால் வட்டத் துளை போட்டோம். கையைப் பாதி மடக்கிய நிலையில் வைத்து உட்புறமாக ஒட்டுப் போட்டோம். அப்படிச் செய்தால் மடக்கும்போது வரும் நீட்சி பாதியாகும். நீட்டும்போது ஒட்டு சற்றே தொய்ந்து நிற்கும். தழும்பு இன்னும் தெரிகிறது. ஆனால் ஓராண்டாகக் கிழியவில்லை.

வலி என்னும் காவலன்

அக்காவின் கேள்விக்கு இப்போது வருகிறேன். வலியே இல்லாத உடம்பு எப்படி இருக்கும் என்பதை உலகுக்குக் காட்டியவர் நம் கொல்லிமலையில் 1914இல் பிறந்த டாக்டர் பால் பிராண்ட். 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அவர், தொழுநோயாளிகளின் விரல்கள் ஏன் குறைந்து போகின்றன என்று ஆராய்ந்தார். நோயே சதையை அழுக வைக்கிறது என்று அதுவரை எல்லோரும் நம்பியிருந்தார்கள். அப்படியன்று என்று அவர் நிறுவினார். நோய் நரம்பைத் தாக்கி உணர்ச்சியை அழிக்கிறது. வலி தெரியாத கை கொதிக்கும் பாத்திரத்தைப் பிடிக்கிறது. வேண்டியதைவிட அதிக பலத்தோடு இறுக்குகிறது. பட்ட புண்ணைக் கவனிக்காமல் மீண்டும் அதே வேலையைச் செய்கிறது. திறக்க மறுத்த பூட்டின் சாவியை ஒரு சிறுவன் திருகித் திறந்துவிட்டதையும், பிறகு பார்த்தால் அவன் விரல் எலும்பு தெரியும்படி வெட்டுப்பட்டிருந்ததையும் அவர் எழுதியிருக்கிறார். அந்தச் சிறுவனுக்கு வலிக்கவில்லை.

இதற்கு அவர் கண்ட மருந்துகளுள் ஒன்று மிக எளியது. தினமும் கண்ணால் கைகால்களைப் பார்த்துக்கொள்வது. வலி செய்யாத வேலையைக் கண் செய்ய வேண்டும். இன்று சர்க்கரை நோயாளிகளுக்குப் பாதத்தைத் தினமும் பார்க்கும்படி மருத்துவர்கள் சொல்வதும் இந்த அறிவின் பயனே.

பொம்மைக்கும் இதுதான் மருந்து. பொம்மைக்கு வலிக்காது. ஆகவே அதற்குப் பதிலாக நமக்கு வலிக்க வேண்டும். அக்காவும் அவள் தோழிகளும் இப்போது சனிக்கிழமைதோறும் கால் மணி நேரம் பொம்மையைப் பார்க்கிறார்கள். ஒவ்வொரு மூட்டையும் மடக்கி நீட்டி, காதை அருகில் வைத்துக் கிறீச்சொலி கேட்கிறதா என்று கவனிக்கிறார்கள். கையும் காலும் நீட்டிய நிலையில் நிற்கிறதா, தட்டினால் இறங்குகிறதா என்று சோதிக்கிறார்கள். மடிப்புகளை விரித்துச் சிறு துளை, வெண்கோடு, துருக்கறை இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். கண்டதை ஒரு நோட்டில் தேதியிட்டு எழுதுகிறார்கள். தூக்கும்போது கையைப் பிடித்து இழுப்பதில்லை. ஒருவர் தோள்களுக்குக் கீழும் இடுப்புக்குக் கீழும், மற்றவர் முழங்கால்களுக்குக் கீழும் கை கொடுத்து, எடை பல இடங்களில் பகிரும்படி தூக்குகிறார்கள்.

இதில் எனக்கு மிகப் பிடித்த செய்தி ஒன்று உண்டு. நோயாளியையும் அப்படித்தான் தூக்க வேண்டுமாம். படுத்த படுக்கையாகக் கிடக்கும் முதியவரின் கையைப் பிடித்து இழுத்தால் தோள் மூட்டு நழுவிவிடக்கூடும். மெலிந்த தோல் கிழிந்துவிடக்கூடும். நினைவிழந்து கிடப்பவரும் பொம்மையைப் போலவே கத்தமாட்டார். பொம்மையிடம் முரட்டுத்தனம் பழகிய கை அவரிடமும் அதையே செய்யும். அப்படிப் பார்த்தால் அக்காவின் 500 ரூபாய் வீண் போகவில்லை என்றே தோன்றுகிறது. ஆனால் அந்தப் பணத்தைக் கேட்டவர்கள், வாங்கிய நாளிலிருந்து ஒரு முறையேனும் அந்த மூட்டைத் திறந்து பார்த்திருந்தால் பத்து ரூபாய் வாஷரோடு வேலை முடிந்திருக்கும்.

எங்கள் குடும்பத்தில் பட்டப் படிப்புக்கு வந்த முதல் ஆள் நான். "இயற்பியல் படிச்சு என்னடா செய்யப் போற?" என்று கேட்ட உறவினர் பலர். அதற்கு விடை எனக்கே நெடுநாள் தெரியாமல் இருந்தது. கடை வாசலில் பொம்மைக் கை கிடைமட்டமாக நின்ற அன்று, அப்பா என் தாளை எடுத்து மடித்துத் தம் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

நண்பர்களே, நம் கல்லூரி ஆய்வுக்கூடத்திலும் பேசாத பொருள்கள் எத்தனையோ உண்டு. ஸ்குரூகேஜும் நிறமாலைமானியும் நம்மிடம் வலிக்கிறது என்று சொல்லமாட்டா. நமக்கு முன் பயின்றவர்கள் தொட்டுப் பழகி நமக்கு விட்டுச் சென்றவை அவை. அவற்றை எடுக்கும்போது ஒரு கணம் நின்று, இதற்கு வலிக்குமோ என்று எண்ணிப் பார்த்து எடுப்போமாக.